ரிசல்ட் எப்ப வரும், வந்தபின் என்ன செய்வது: மதுரைப் பக்கத்து மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

திருமங்கலம் பக்கம் ஒரு கலைக் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். செமஸ்டர் பரீட்சை முடிந்த மறுநாளே எங்கள் ஜன்னல் முன்னால் ஆள் நிற்கத் தொடங்கிவிடும். உசிலம்பட்டி, பேரையூர், கள்ளிக்குடி என்று எங்கிருந்தெல்லாமோ பஸ் ஏறி வருவார்கள். பலர் அதற்கு முன்பே சம்பந்தமில்லாத ஓர் அலுவலகத்தில் அரை நாள் நின்றுவிட்டு வந்திருப்பார்கள். வீட்டில் முதல் ஆளாகப் பட்டப்படிப்புக்கு வரும் பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்லித்தர யாரும் இருப்பதில்லை. நன்றாகப் படித்தும், யாரிடம் எப்போது போய்க் கேட்க வேண்டும் என்று தெரியாததால் ஒரு வருடத்தை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்காகத்தான் இந்தத் தொகுப்பு.

கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். பாஸ் மார்க், கட்டணம், கடைசித் தேதி ஆகியவை நீங்கள் சேர்ந்த ஆண்டின் விதிமுறையைப் பொறுத்தவை. மேல் வகுப்பு அண்ணன் சொன்ன எண்ணை நம்பாதீர்கள். உங்கள் ரெகுலேஷன் புத்தகத்தைத் துறையில் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மதுரைலதான் படிக்கிறேன். அப்ப என் ரிசல்ட் காமராசர் யுனிவர்சிட்டிலதானே வரும்?

அப்படி இல்லை. கலை, அறிவியல், வணிகவியல் கல்லூரி என்றால் பெரும்பாலும் பல்கலை நகரில் இருக்கும் மதுரை காமராசர் பல்கலைக்கழகம்தான். ஆனால் இன்ஜினியரிங் என்றால் அண்ணா பல்கலைக்கழகம். பி.எட். என்றால் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். மதுரை சட்டக் கல்லூரி மாணவருக்கு அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம். மதுரை மருத்துவக் கல்லூரிக்கும், நர்சிங், பார்மசி கல்லூரிகளுக்கும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். இந்த நான்கின் தலைமையிடமும் சென்னைதான்.

பி.எட். ரிசல்ட்டில் பிரச்சினை என்று நாகமலை புதுக்கோட்டை தாண்டிப் போய் பல்கலை நகரில் நின்றுவிட்டு வருகிறவர்கள் உண்டு. உங்கள் ஹால் டிக்கெட்டின் தலைப்பில் எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறதோ அதுதான் உங்கள் தேர்வை நடத்துகிற இடம். வேறு எங்கும் அலைய வேண்டாம்.

அமெரிக்கன் காலேஜ்ல படிக்கிற என் ஃப்ரெண்டுக்கு ரிசல்ட் வந்துருச்சு. ரெண்டு பேரும் ஒரே யுனிவர்சிட்டிதானே, எங்களுக்கு ஏன் வரலை?

அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக், தியாகராசர், பாத்திமா, மதுரைக் கல்லூரி போன்றவை தன்னாட்சிக் கல்லூரிகள். பாடத்திட்டம், வினாத்தாள், திருத்தம், ரிசல்ட் எல்லாமே அந்தந்தக் கல்லூரியின் தேர்வாணையர் (தேர்வுகளுக்குப் பொறுப்பான அதிகாரி) அலுவலகத்தில் நடக்கும். பட்டச் சான்றிதழை மட்டும் பல்கலைக்கழகம் தரும். சில ஆயிரம் மாணவர்களின் தாளைத் திருத்தினால் போதும் என்பதால் அவர்களுக்குச் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரி மாணவர்களின் தாள்கள் மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர் மாவட்டங்களிலிருந்து மொத்தமாக வந்து சேர வேண்டும். அதனால் நண்பருக்கு வந்துவிட்டதே என்று உங்கள் ரிசல்ட்டில் ஏதோ கோளாறு என நினைக்க வேண்டாம்.

பரீட்சை எழுதிக் குடுத்த பேப்பர் எங்க போகுது?

மணி அடித்ததும் கண்காணிப்பாளர் தாள்களைப் பதிவெண் வரிசையில் அடுக்குகிறார். வராதவர்களின் எண்களை ஆப்சென்ட் பட்டியலில் எழுதுகிறார். தாள்களின் எண்ணிக்கையும் வராதவர்களின் எண்ணிக்கையும் சேர்ந்தால் அந்த அறைக்கு ஒதுக்கிய மொத்தம் வர வேண்டும். வராவிட்டால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. பிறகு பாடக் குறியீடு வாரியாகக் கட்டி, முத்திரை வைத்து, பல்கலைக்கழகத்துக்கோ அது குறிப்பிடும் மையத்துக்கோ அனுப்புவோம்.

அங்கே உங்கள் அடையாளம் மறைக்கப்படுகிறது. விடைத்தாளின் முதல் பக்கத்தில் பெயரும் பதிவெண்ணும் இருக்கிற பகுதியைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். மீதித் தாளுக்கு ஒரு டம்மி நம்பரோ பார்கோடோதான் அடையாளம். திருத்துகிறவர் கையில் இருப்பது அந்த எண் மட்டும். எந்த டம்மி நம்பர் எந்தப் பதிவெண்ணுக்கு உரியது என்ற பட்டியல் தேர்வாணையர் அலுவலகத்தில் பூட்டி இருக்கும். திருத்தம் முழுக்க முடிந்து மதிப்பெண் ஏறிய பிறகுதான் இரண்டையும் இணைப்பார்கள்.

யார் திருத்துறாங்க? எங்க மிஸ்கிட்டயே என் பேப்பர் வந்தா நல்லதா கெட்டதா?

வெவ்வேறு கல்லூரி ஆசிரியர்களை ஒரே இடத்துக்கு வரவழைத்து முகாம் நடத்துவார்கள். காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு என்று ஒவ்வொருவருக்கும் அளவு உண்டு. விடைக்குறிப்பு முன்கூட்டியே கொடுக்கப்படும். ஒரு குழுவுக்கு ஒரு முதன்மைத் தேர்வாளர் இருப்பார். திருத்திய கட்டிலிருந்து சில தாள்களை எடுத்து அவர் மறுபடி பார்ப்பார். ஒருவர் கை ரொம்ப இறுக்கமாகவோ ரொம்பத் தாராளமாகவோ இருந்தால் அங்கேயே பேசிச் சரிசெய்வார்கள்.

உங்கள் மிஸ்ஸிடமே போவது அபூர்வம். போனாலும் டம்மி நம்பர் இருப்பதால் யாருடைய தாள் என்று அவருக்குத் தெரியாது. உங்கள் பங்குக்கு நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தாளுக்குள்ளே பெயர், பதிவெண், முருகன் துணை, ‘தயவுசெய்து பாஸ் போடுங்கள்’ என்ற வரி, இவை எதையும் எழுதாதீர்கள். அடையாளம் காட்டுகிற முயற்சி என்று எடுத்துக்கொண்டால் அது ஒழுங்கீனப் புகாராகிவிடும். பிள்ளையார் சுழி போடும் பழக்கம் கையிலேயே ஊறிப்போயிருந்தால் வினாத்தாளிலும் போடாமல் மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

திருத்தி முடிச்சாச்சுன்னு எங்க சாரே சொல்றார். அப்புறம் எதுக்கு இவ்வளவு நாள்?

திருத்தம் பாதி வேலைதான். மதிப்பெண்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். ஏற்றியது சரியா என்று தாளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கல்லூரிகள் அனுப்பிய இன்டர்னல், செய்முறைத் தேர்வு, ப்ராஜெக்ட் மதிப்பெண்களைச் சேர்க்க வேண்டும். பழைய அரியர் எழுதியவர்களின் கணக்கை அவரவர் பழைய பாடத்திட்டப்படி தனியாகப் போட வேண்டும். நேரத்தை அதிகம் தின்பது இந்தக் கடைசி வேலைதான்.

எல்லாம் சேர்ந்ததும் ரிசல்ட்டுக்கு ஒப்புதல் தரும் குழுவான பாஸிங் போர்டு கூடும். எந்தப் பாடத்தில் தேர்ச்சி வழக்கத்தை விட மோசமாக விழுந்திருக்கிறது, வினாத்தாளில் பாடத்திட்டத்துக்கு வெளியே கேள்வி வந்ததா என்று அங்கேதான் பார்ப்பார்கள். தவறான கேள்விக்கு மதிப்பெண் தருவது, எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்கு விதி அனுமதிக்கும் அளவில் ஒன்றிரண்டு கூட்டுவது எல்லாம் அங்கே எடுக்கிற முடிவு. தனி ஒரு மாணவரின் பெயரைச் சொல்லி அங்கே யாரும் பேச முடியாது. பாடத்துக்கு மொத்தமாகத்தான் முடிவு. அதன் ஒப்புதலுக்குப் பிறகுதான் தேர்வாணையர் ரிசல்ட்டை வெளியிடுவார்.

சரி, தேதி சொல்லுங்க. எப்ப வரும்?

நவம்பர் தேர்வு என்றால் திருத்தம் டிசம்பர் கடைசியில் தொடங்கும். நடுவே பொங்கல் வந்துவிடும். அந்த வாரம் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு. முகாமில் ஆள் இருக்காது. ஏப்ரல் தேர்வு என்றால் சித்திரைத் திருவிழா குறுக்கே வரும். அழகர் ஆற்றில் இறங்கும் நாள் மதுரையில் உள்ளூர் விடுமுறை, அன்றைய தேர்வு வேறு தேதிக்குப் போகும். அந்த ஒரு தேர்வின் தாள் கடைசியில் வந்தால் ரிசல்ட்டும் அதற்குத் தகுந்தாற்போலத் தள்ளும். அதனால் ஜனவரி கடைசி முதல் பிப்ரவரி வரை, ஜூன் முதல் ஜூலை வரை என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் ‘நாளை காலை 10 மணிக்கு ரிசல்ட்’ என்று வருகிற செய்தியைப் பரப்ப வேண்டாம். பல்கலைக்கழக இணையதளத்தில் அறிவிப்பு வந்தால்தான் அது செய்தி. வேறு ஊரில் எம்.எஸ்சி., எம்.பி.ஏ. சேருவதற்குத் தாமதம் தடையாக இருந்தால் அந்தக் கல்லூரியில் எழுத்து மூலம் அவகாசம் கேளுங்கள். ‘கடைசி செமஸ்டர் ரிசல்ட் எதிர்பார்க்கப்படுகிறது’ என்று எங்களைப் போன்ற அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

வெப்சைட் சுத்திக்கிட்டே இருக்கு. என்ன பண்ண?

காத்திருங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் திறக்கிறார்கள், அவ்வளவுதான். இரவு ஒன்பது மணிக்கு மேல் பாருங்கள். ரிசல்ட் பார்க்கப் பதிவெண்ணும் பிறந்த தேதியும் போதும். பணம் கேட்கிற, ஓ.டி.பி. கேட்கிற எந்தப் பக்கமும் போலி. பார்த்ததும் பி.டி.எஃப். ஆகச் சேமித்துவிடுங்கள், சில வாரங்களில் பக்கத்தை எடுத்துவிடுவார்கள்.

மொத்தம் 49 வந்திருக்கு, பாஸ் மார்க் 40. ஆனா ஃபெயில்னு போட்டிருக்கு. கம்ப்யூட்டர் தப்பா?

கணினி தப்பு இல்லை. நிறையப் பேர் தடுக்கி விழுகிற இடம் இது. ஒரு பாடத்தில் கல்லூரி போடும் இன்டர்னலுக்கு 25, செமஸ்டர் தேர்வான எக்ஸ்டர்னலுக்கு 75 என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தில் 40 வேண்டும் என்பதோடு, எக்ஸ்டர்னலில் மட்டும் தனியாக 40 சதவீதம், அதாவது 75-க்கு 30 வேண்டும் என்று விதி இருந்தால், இன்டர்னலில் 22-ம் எக்ஸ்டர்னலில் 27-ம் எடுத்தவர் மொத்தம் 49 எடுத்தும் தேறவில்லை. அவருக்கு மூன்று மதிப்பெண் குறைகிறது.

இன்ஜினியரிங்கில் இந்தப் பிரிப்பே வேறு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் எழுத்துத் தாளுக்கு இன்டர்னல் 40, எக்ஸ்டர்னல் 60. முதுகலையில் பாஸ் மார்க் 50. ஆகவே மொத்தத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாமல் இரண்டு கட்டங்களையும் தனித்தனியாகப் பாருங்கள். மறுகூட்டலுக்குப் போவதா வேண்டாமா என்ற முடிவுக்கும் இந்தக் கணக்குத்தான் அடிப்படை.

நான் பரீட்சை எழுதினேன். ரிசல்ட்ல ஆப்சென்ட்னு வந்திருக்கு!

அழ வேண்டாம், இது தீர்க்கக்கூடிய பிரச்சினை. ஆனால் உடனே செய்ய வேண்டும். காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஒன்று, விடைத்தாளில் பதிவெண்ணைத் தவறாக எழுதியிருப்பீர்கள் அல்லது வட்டத்தைத் தவறாகக் கறுத்திருப்பீர்கள். கடைசி இலக்கம் 3-க்குப் பதில் 8 என்று விழுந்துவிட்டால் உங்கள் மதிப்பெண் இல்லாத ஓர் எண்ணில் போய் உட்கார்ந்திருக்கும். இன்னொன்று, அரியர் எழுதியவர் பழைய பாடக் குறியீட்டுக்குப் பதில் புதியதை எழுதியது. தாள் வேறு கட்டில் போயிருக்கும்.

ஒவ்வொரு அறையிலும் நீங்கள் கையெழுத்துப் போட்ட வருகைத்தாள் எங்களிடம் இருக்கிறது. அதில் உங்கள் கையெழுத்துக்கு நேரே விடைத்தாளின் வரிசை எண்ணும் இருக்கும். நீங்கள் எழுதியதற்கு அதுதான் சாட்சி. ஒரு விண்ணப்பம் எழுதி, ஹால் டிக்கெட் நகலோடு கல்லூரியில் கொடுங்கள். வருகைத்தாளின் நகலை முதல்வரின் கடிதத்தோடு நாங்கள் தேர்வாணையருக்கு அனுப்புவோம். நீங்களே நேரில் போய்ச் சொன்னால் ‘கல்லூரி வழியாக வாருங்கள்’ என்றுதான் பதில் வரும். ஹால் டிக்கெட்டைப் பரீட்சை முடிந்ததும் கசக்கிப் போடுகிறவர்களுக்கு இதையும் சேர்த்துச் சொல்கிறேன்: ரிசல்ட் வந்து மார்க் ஷீட் கைக்கு வரும் வரை அதை வைத்திருங்கள்.

வித்ஹெல்ட்னு வந்திருக்கு. என்னைப் பிடிச்சுட்டாங்களா?

நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று மட்டும்தான் பொருள். காப்பி அடித்த சந்தேகம் ஒரு காரணம், ஆனால் அது ஒன்றே காரணம் இல்லை. தேர்வுக் கட்டணம் பல்கலைக்கழகக் கணக்கில் ஏறாதது, இன்டர்னல் மதிப்பெண் வராதது, ப்ராஜெக்ட் வாய்மொழித் தேர்வுப் பட்டியல் வராதது, ‘நான் முதல்வன்’ என்ற அரசுத் திறன் பயிற்சித் திட்டப் பாடத்தின் மதிப்பெண் வந்து சேராதது, வேறு மாநிலத்துப் பிளஸ் டூ சான்றிதழுக்குத் தகுதிச் சான்று தராதது என்று பல உண்டு. ஒரு வகுப்பு முழுக்க வித்ஹெல்ட் வந்தால் தப்பு கல்லூரிப் பக்கம்தான். ஒரு பாடத்தின் இன்டர்னல் யாரோ ஏற்றாமல் விட்டிருப்பார்கள். அப்போது வகுப்பாகச் சேர்ந்து துறைத் தலைவரைப் பாருங்கள்.

ஒழுங்கீனப் புகார் என்றால் விசாரணைக்கு அழைப்பு வரும். கட்டாயம் போங்கள். பயந்து போகாமல் இருந்துவிட்டால் உங்கள் பக்கத்தைக் கேட்காமலே முடிவு எழுதப்படும். தேர்வறையில் உங்களிடம் வாங்கிய விளக்கக் கடிதத்தில் என்ன எழுதினீர்கள் என்பதை நினைவுபடுத்திக்கொண்டு போங்கள்.

ஜெராக்ஸ், ரீடோட்டலிங், ரீவேல்யுவேஷன் மூணும் ஒண்ணா? எதுக்குப் பணம் கட்டுறது?

மூன்றும் வேறு வேறு. ரீடோட்டலிங் என்றால் கூட்டலை மட்டும் சரிபார்ப்பார்கள். ரீவேல்யுவேஷன் என்றால் வேறொரு ஆசிரியர் முதலிலிருந்து திருத்துவார். ஜெராக்ஸ் என்றால் திருத்திய உங்கள் விடைத்தாளின் நகல் உங்கள் கைக்கு வரும். எல்லா இடத்திலும் மூன்றும் இருக்காது. சில பல்கலைக்கழகங்களில் நகல் வாங்கினால்தான் ரீவேல்யுவேஷன் போட முடியும். ரிசல்ட் அறிவிப்பிலேயே கடைசித் தேதி இருக்கும். பெரும்பாலும் பத்துப் பதினைந்து நாள்தான். அந்த நாட்கள் ரிசல்ட் வெளியான தேதியிலிருந்து ஓடும், மார்க் ஷீட் கைக்கு வந்த தேதியிலிருந்து இல்லை. மார்க் ஷீட் வரட்டும் என்று காத்திருந்து தேதியைத் தவறவிட்டவர்கள் ஒவ்வொரு செமஸ்டரும் வருகிறார்கள். அவர்களுக்கு என்னால் எதுவும் செய்ய முடிவதில்லை.

வாய்ப்பு இருந்தால் முதலில் நகலை வாங்குங்கள் என்பது என் கருத்து. வந்ததும் முதல் பக்கத்துக் கட்டத்தையும் உள்பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளே 16-ஆ கேள்விக்கு ஓரத்தில் 7 என்று சிவப்பு மையில் இருக்கும், முன்பக்கக் கட்டத்தில் 16-க்கு நேரே வெறும் கோடு இருக்கும். அல்லது கூடுதல் தாளின் கடைசிப் பக்கத்தில் இருக்கிற விடைக்கு மதிப்பெண்ணே விழுந்திருக்காது, புரட்டாமல் விட்டிருப்பார்கள். முதல் வகை என்றால் ரீடோட்டலிங் போதும். இரண்டாவது என்றால் ரீவேல்யுவேஷன். எல்லாப் பக்கமும் திருத்தியிருந்து, மதிப்பெண்தான் குறைவு என்றால், பாட ஆசிரியரிடம் காட்டுங்கள். ‘இதற்கு இதற்கு மேல் வராது’ என்று அவர் சொன்னால் அந்தப் பணத்தை அடுத்த தேர்வுக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரீவேல்யுவேஷன் போட்டா மார்க் குறைஞ்சிருமா?

விதியைப் பொறுத்தது. சில இடங்களில் கூடினால் மட்டும் மாற்றுவார்கள், குறைந்தால் பழையதே நிற்கும். சில இடங்களில் இரண்டாவது திருத்தத்தில் வந்ததுதான் இறுதி. இரண்டு திருத்தத்துக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் மூன்றாவது ஆளிடம் அனுப்பும் வழக்கமும் உண்டு. முதுகலைத் தாள்களை முதலிலேயே இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்துகிற பல்கலைக்கழகங்களில் முதுகலைக்கு ரீவேல்யுவேஷனே இருக்காது. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்த விதி வரியைப் படியுங்கள்.

ரீவேல்யுவேஷன் ரிசல்ட் இன்னும் வரலை, அதுக்குள்ள அடுத்த பரீட்சைக்கு ஃபீஸ் கட்டச் சொல்றாங்க. கட்டணுமா?

கட்டுங்கள். யோசிக்கவே வேண்டாம். ரீவேல்யுவேஷனில் பாஸ் ஆனால் அரியர் கட்டணம் வீணாகும், சில நூறு ரூபாய் நஷ்டம். பாஸ் ஆகாமல், கட்டணமும் கட்டாமல் விட்டிருந்தால் அந்தப் பேப்பரை எழுத இன்னும் ஆறு மாதம் போகும். ரிசல்ட் வராத வரை ஃபெயில் என்றே வைத்துக்கொண்டு படித்து வாருங்கள். வீட்டில் காசுக்குச் சிரமம் என்றால் துறைத் தலைவரிடம் சொல்லுங்கள். பல கல்லூரிகளில் ஆசிரியர்களே சேர்ந்து சத்தமில்லாமல் இதற்கு உதவுகிறார்கள்.

எங்க யுனிவர்சிட்டியில ஜெராக்ஸ் குடுக்க மாட்டேங்குறாங்க. ஆர்.டி.ஐ. போட்டா குடுப்பாங்களா? கேஸ் போடலாமா?

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, திருத்திய விடைத்தாளும் ஒரு தகவல்தான். எழுதியவர் அதைப் பார்க்கவும் நகல் பெறவும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சி.பி.எஸ்.இ. தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. திருத்தியவரின் பெயரைத் தர மாட்டார்கள், அது நியாயமும்கூட. பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய்க் கட்டணத்தோடு, பதிவெண், பாடக் குறியீடு, தேர்வு எழுதிய மாதம் குறிப்பிட்டு விண்ணப்பம் எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு, அதற்கும் மேலே தமிழ்நாடு தகவல் ஆணையம். விடைத்தாள்களைக் குறிப்பிட்ட காலம்தான் வைத்திருப்பார்கள், பிறகு அழித்துவிடுவார்கள். அதனால் சீக்கிரம் போடுங்கள். தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

ஆனால் நகல் பெறும் உரிமை வேறு, மறுபடி திருத்தக் கேட்கும் உரிமை வேறு. விதியில் மறுமதிப்பீடு இல்லாத இடத்தில் அதை உரிமையாகக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1984-லேயே சொல்லிவிட்டது. ஒத்தக்கடை பக்கம் உயர் நீதிமன்றக் கிளைக்குப் போகிறவர்களைத் தடுக்கப் போவதில்லை. ஆனால் கூட்டல் தவறு, பக்கம் விட்டுப்போனது மாதிரிக் கண்ணுக்குத் தெரிகிற ஆதாரம் கையில் இருந்தால் மட்டும் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். ‘இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்’ என்பதற்கு நீதிமன்றம் வழியல்ல.

கடைசி செமஸ்டர்ல ஒரே ஒரு பேப்பர் போயிருச்சு. ஒரு வருசம் வீணா?

பல பல்கலைக்கழகங்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும் இறுதியாண்டில் ஒரு பேப்பர் மட்டும் நிற்பவர்களுக்கு ரிசல்ட் வந்த சில வாரங்களில் சிறப்புத் துணைத்தேர்வு வைக்கின்றன. இன்ஸ்டன்ட் எக்ஸாம் என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும். அறிவிப்பு சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் முடிந்துவிடும், விண்ணப்பிக்க மிகக் குறைந்த நாட்களே இருக்கும். கல்லூரியில் போன் எண்ணைக் கொடுத்து வையுங்கள். ரீவேல்யுவேஷன், துணைத்தேர்வு இரண்டுக்கும் போடலாமா என்று கேட்பார்கள். விதி தடுக்காத வரை இரண்டுக்கும் போடுங்கள். மேலே அடுத்த பரீட்சை ஃபீஸ் பற்றிச் சொன்ன அதே காரணம்தான்.

சி.ஜி.பி.ஏ. 7.83னு இருக்கு. இது எத்தனை பர்சன்ட்? எப்படி வந்துச்சு?

ஒவ்வொரு பாடத்தின் கிரெடிட்டையும் (அந்தப் பாடத்துக்கு இருக்கிற எடை) அதில் வாங்கிய கிரேடு புள்ளியையும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுக்க வேண்டும். 4 கிரெடிட் பாடத்தில் 8 புள்ளி, 5 கிரெடிட் பாடத்தில் 7, 3 கிரெடிட் பாடத்தில் 9 என்றால் 32-ம் 35-ம் 27-ம் சேர்ந்து 94. அதை 12-ஆல் வகுத்தால் 7.83. கிரெடிட் அதிகமுள்ள பாடத்தில் குறைந்தால் அடி பலமாக விழும்.

சதவீதமாக மாற்றும் முறை ஒவ்வோரிடத்திலும் வேறு. மார்க் ஷீட்டின் பின்பக்கம் அச்சிட்டிருப்பதைப் பயன்படுத்துங்கள். அது இல்லையென்றால் தேர்வாணையர் அலுவலகத்திலிருந்து மாற்றுச் சான்று வாங்குங்கள். வேலை விண்ணப்பத்தில் நீங்களாக ஒரு கணக்குப் போட்டு எழுதிச் சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்ள வேண்டாம். இளங்கலையில் இன்னொன்றும் உண்டு. முதல் வகுப்பா இல்லையா என்பதைப் பகுதி வாரியாகப் பார்ப்பார்கள். தமிழும் ஆங்கிலமும் சேராமல், முக்கியப் பாடமான மூன்றாம் பகுதியின் கணக்கைத்தான் எம்.எஸ்சி. சேர்க்கையில் கேட்பார்கள்.

மார்க் ஷீட்ல பேர் தப்பா வந்திருக்கு. இப்ப மாத்தணுமா, டிகிரில மாத்திக்கலாமா?

இப்பவே. முதல் செமஸ்டர் மார்க் ஷீட்டில் இருப்பதுதான் பட்டச் சான்றிதழ் வரை நகலாகிக்கொண்டே போகும். நம் ஊரில் பெரும்பாலும் தகராறு இன்ஷியலில்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இன்ஷியல் பெயருக்குப் பின்னால், ஆதாரில் முன்னால், கல்லூரி விண்ணப்பத்தில் அப்பா பெயர் முழுதாக. எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து கூடக் குறைய இருக்கும். இங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத இந்த வித்தியாசம் பாஸ்போர்ட் எடுக்கும்போதும் வெளிநாட்டு வேலைக்குச் சான்றொப்பம் வாங்கும்போதும் பெரிய சுவராக நிற்கும்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லாவற்றிலும் இருக்கட்டும். தேர்வு விண்ணப்பம் நிரப்பும்போது கல்லூரி ஒட்டுகிற பெயர்ப் பட்டியலில் உங்கள் வரியை நீங்களே பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். நண்பனை விட்டுப் பார்க்கச் சொல்லாதீர்கள்.

எல்லாம் பாஸ். டிகிரி எப்ப கைக்கு வரும்?

முதலில் ப்ரொவிஷனல் என்கிற தற்காலிகச் சான்றிதழும் எல்லா செமஸ்டரும் சேர்ந்த கன்சாலிடேட் மார்க் ஷீட்டும் வரும். பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகு பட்டம். மாணவர் தகுதி பெறுவதாக எதிர்பார்க்கப்படும் நாளிலிருந்து 180 நாளுக்குள் பட்டம் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2008 விதி சொல்கிறது. விழா தள்ளிப்போய் தாமதமானால் உங்கள் கடிதத்தில் அந்த விதியைக் குறிப்பிடலாம். டிஜிலாக்கரில் உங்கள் பல்கலைக்கழகம் மதிப்பெண் பட்டியலை ஏற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஏற்கத்தக்க ஆவணம்.

எல்லாப் பேப்பரும் பாஸ் என்று நினைத்துக்கொண்டிருந்து கன்சாலிடேட் வராமல் வந்து நிற்பவர்கள் அநேகம். பட்டியலை எடுத்துப் பார்த்தால் சுற்றுச்சூழல் கல்வியோ மதிப்புக் கல்வியோ நிற்கும், இல்லையென்றால் ஐந்தாம் பகுதியில் என்.எஸ்.எஸ். சான்று ஏறியிருக்காது. இதற்கெல்லாம் மார்க் பெரிதாக இல்லை என்று விட்டிருப்பார்கள். ஐந்தாவது செமஸ்டர் முடியும்போதே துறையில் உட்கார்ந்து கிரெடிட் கணக்கைக் கூட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஒருத்தர் பணம் குடுத்தா மார்க் ஏத்தித் தர்றேங்குறார். உள்ள ஆள் இருக்காம். நம்பலாமா?

நம்பக் கூடாது. டம்மி நம்பர், ஒப்பிட்டுப் பார்ப்பது, பாஸிங் போர்டு என்று மேலே சொன்னதெல்லாம் ஒரே ஆள் எதையும் மாற்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இருக்கிறது. பலருக்கும் பணம் வாங்கி, தானாகவே பாஸ் ஆனவரிடம் ‘நான்தான் போட்டுத் தந்தேன்’ என்று வைத்துக்கொண்டு, ஆகாதவரிடம் பாதியைத் திருப்பித் தருவதுதான் இவர்களுடைய தொழில். ஒருவேளை உண்மையிலேயே எங்காவது மாற்றப்பட்டால், பிடிபடும் நாளில் ரத்தாவது உங்கள் பட்டம், போவது உங்கள் வேலை. அம்மாவின் தோட்டை அடகு வைத்து இதற்குக் கொடுத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்தப் பணத்தில் நான்கு அரியரைக் கட்டணம் கட்டி எழுதியிருக்கலாம்.

எனக்குப் பழைய அரியர் ஒண்ணு நிக்குது, பத்து வருசத்துக்கு மேல ஆச்சு. இப்ப எழுத முடியுமா? என் அக்காவோட பழைய மார்க் ஷீட்டும் தொலைஞ்சு போச்சு, எங்க கேக்குறது?

படிப்புக் காலத்துக்கு மேல் இத்தனை வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஓர் எல்லை இருக்கிறது. அது தாண்டியிருந்தாலும் முற்றிலும் கதவு மூடியது என்று விட்டுவிடாதீர்கள். பழைய அரியர்காரர்களுக்காகச் சிறப்பு வாய்ப்பு என்று பல்கலைக்கழகங்கள் அவ்வப்போது அறிவிக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகம் இருபது ஆண்டு பழைய அரியருக்குக்கூட அப்படி வாய்ப்புக் கொடுத்திருக்கிறது. அப்போது உங்கள் பழைய பாடத்திட்டத்துக்குச் சமமான இன்றைய பாடம் எது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு படிக்கத் தொடங்குங்கள். பெயர் ஒன்றாக இருந்தும் பாடம் வேறாக இருப்பது உண்டு.

தொலைந்த மார்க் ஷீட்டுக்குக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றோடு தேர்வாணையருக்கு விண்ணப்பிக்க வேண்டும். எந்தப் பல்கலைக்கழகம் என்பதில் கவனம் தேவை. மதுரைப் பல்கலைக்கழகம் 1966-இல் தொடங்கியது, 1978-இல் காமராசர் பெயர் சேர்ந்தது. காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் 1985-லும், நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-லும் வந்தன. அதற்கு முன் அந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் படித்து முடித்தவர்களின் பதிவேடு மதுரையில்தான் இருக்கும். அக்கா திருநெல்வேலியில் 1988-இல் பி.ஏ. முடித்தவர் என்றால் பல்கலை நகருக்குத்தான் வர வேண்டும். பதிவெண், தேர்ச்சி பெற்ற மாதம், ஆண்டு மூன்றும் தெரிந்தால் தேடுவது எளிது. பதிவெண் மறந்துவிட்டால் அவர் படித்த கல்லூரியின் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து முதலில் அதை எடுத்துக்கொண்டு வாருங்கள்.